நெடுந்தூரப் பயணத்தில் வலது கை மரத்துப்போகிறது: திராட்டிலில் (ஆக்சிலேட்டரில்) மாட்டும் பிளாஸ்டிக் துண்டு உதவுமா?

கேள்வி, 9 பிப்ரவரி 2025

அண்ணா, வேலை சென்னையில், வீடு நாகர்கோவிலில். வண்டி கிளாசிக் 350, 2019 மாடல். பொங்கலுக்கு வண்டியிலேயே போய் வந்தேன். விழுப்புரம் தாண்டினாலே வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. திருச்சி வருவதற்குள் பிரேக் பிடிப்பதற்கே விரலை யோசித்து மடக்க வேண்டியிருக்கிறது. ஆக்சிலேட்டரில் மாட்டி உள்ளங்கையால் அழுத்தும் பிளாஸ்டிக் துண்டு ஒன்று ஆன்லைனில் இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். உண்மையா? ஆபத்து ஏதும் உண்டா?

9 பிப்ரவரி, இரவு

நண்பன் சொல்வது பாதி உண்மை. அந்தத் துண்டுக்குப் பொதுவாக கிராம்ப் பஸ்டர் என்று பெயர். அது ஒரு கம்பெனியின் பெயர்தான், ஆனால் இப்போது எல்லா நகலையும் அப்படியே சொல்கிறார்கள். கிரிப்பைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும், பின்னால் ஒரு தட்டை நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கையின் அடிமேட்டை அதன் மேல் வைத்தால் போதும், ஆக்சிலேட்டர் முறுக்கியபடியே நிற்கும். விரல்களைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்று சொல்: மரத்துப்போவது எந்த விரல்? ஐந்துமா, இரண்டுமா, கட்டைவிரல் பக்கமா, சுண்டுவிரல் பக்கமா?

10 பிப்ரவரி

சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்கிறாய். அப்படியானால் அது அல்நார் நரம்பு. முழங்கையை எதிலாவது இடித்துக்கொண்டால் ஷாக் அடித்ததுபோல் இருக்குமே, அதே நரம்புதான். முழங்கையின் உள்பக்கமாக இறங்கி, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. அங்கே அதற்கு மேல் பெரிய பாதுகாப்பு கிடையாது. நீண்ட தூரம் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் இதே இடத்தில்தான் தொல்லை வரும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, மீடியன். கார்பல் டனல் என்று கேள்விப்பட்டிருப்பாய். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களுக்கு அது ஏற்கெனவே கொஞ்சம் இருக்கலாம், வண்டி அதைக் கிளப்பிவிடும்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், அந்தத் துண்டைப் பலரும் கிரிப்பின் வெளி விளிம்பில்தான் மாட்டுகிறார்கள். அப்படி மாட்டினால் அழுத்தம் முழுவதும் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டில் விழும். அதாவது உனக்கு ஏற்கெனவே நசுங்குகிற இடத்திலேயே. சோர்வு குறையும், மரத்துப்போவது கூடும். மாட்டினால் உள் விளிம்பில் மாட்டு, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைப்பற்றான மேடு அதில் உட்காரும்படி. ஸ்விட்ச் பெட்டியில் இடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்.

வண்டியிலிருந்து இறங்கிப் பல மணி நேரம் ஆகியும் உணர்வு திரும்பவில்லை, இரவில் தூக்கத்தில் மரத்து எழுப்புகிறது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறது என்றால் இந்தக் கேள்வி-பதில் இழையை மூடிவிட்டு டாக்டரைப் பார்.

11 பிப்ரவரி

நேற்று எழுதிய பிறகு தோன்றியது: துண்டை வாங்கு, வாங்காதே, அது அப்புறம். முதலில் பிரேக் லீவரின் சாய்வைப் பார்.

ஷோரூமிலிருந்து வரும் வண்டிகளில் லீவர் பெரும்பாலும் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக நிற்கும். உட்கார்ந்தபடி கையை நீட்டி விரல்களை லீவர் மேல் வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். ஆக்சிலேட்டரை முறுக்கும்போது மணிக்கட்டு கீழே இறங்கி அந்த மடிப்பு இன்னும் கூடும். இப்படி மடங்கியபடியே மணிக்கணக்காகப் பிடித்துக்கொண்டு போனால் எந்தக் கை தாங்கும்?

வண்டியை நேராக நிறுத்தி, வழக்கமாக ஓட்டும்போது உட்காருவதுபோல் உட்கார். ஸ்டாண்டில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தால் கணக்கு தப்பும். கண்ணை மூடிக்கொண்டு கிரிப்பைப் பிடி, விரல்களை முன்னால் நீட்டு. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். லீவர் அந்தக் கோட்டிலேயே விரலுக்குக் கீழே வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரை, அதாவது லீவரோடு சேர்ந்திருக்கும் பிரேக் ஆயில் பகுதியை, ஹேண்டில் பாரில் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் சற்றுத் தளர்த்தி, லீவரைக் கொஞ்சம் கீழே சாய்த்து, திரும்ப இறுக்கு. முழுக்கக் கழற்ற வேண்டாம். பிரேக் ஆயில் கிண்ணம் ரொம்பச் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள். ஒரு ஸ்பேனர், கால் மணி நேரம். செலவு கிடையாது.

கிளட்ச் லீவரையும் இதே மாதிரி வை. இடது கை புகார் சொல்லாததற்குக் காரணம் அதன் லீவர் ஒழுங்காக இருப்பதல்ல. அது அவ்வப்போது தொடையில் போய் ஓய்வெடுத்துக்கொள்கிறது. வலது கைக்குத்தான் அந்த விடுப்பு கிடையாது.

16 பிப்ரவரி

லீவர் சாய்த்ததில் தேவலாம் என்று எழுதியிருக்கிறாய். சரி, அடுத்தது கேபிள்.

ஆக்சிலேட்டர் தானாகத் திரும்ப வருவதற்கு ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. உன் கை எதிர்த்து நிற்பது அந்த ஸ்பிரிங்கை மட்டும்தான் என்று நினைப்போம். ஆனால் கேபிள் காய்ந்து, உள்ளே தூசி சேர்ந்து, ஏதோ ஒரு வளைவில் நசுங்கிக் கிடந்தால் முறுக்கும்போது அந்த உராய்வையும் சேர்த்துத்தான் முறுக்குகிறாய். கிரிப்பின் கடைசி முனை ஹேண்டில் பாரில் உரசினாலும் இதே கதைதான். புது கிரிப் மாட்டும்போது உள்ளே வரை தள்ளிவிடுவார்கள், அது பார் எண்ட் வெயிட்டிலோ (ஹேண்டில் பார் முனையில் இருக்கும் எடைக் கட்டி) ஸ்விட்ச் பெட்டியிலோ தேய்த்துக்கொண்டே இருக்கும்.

சோதிப்பது சுலபம். இன்ஜினை அணைத்துவிட்டு முழுக்க முறுக்கி விடு. ‘டக்’ என்று ஒரே வீச்சில் திரும்ப வேண்டும். ஹேண்டில் பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி வைத்து இதையே செய். எங்காவது சோம்பினால் மெக்கானிக்கிடம் காட்டு. அப்புறம் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டில் பாரைக் கோடிக்குக் கோடி திருப்பு. சத்தம் ஏறினால் கேபிள் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். கிரிப் இரண்டு, மூன்று மில்லிமீட்டராவது சும்மா ஆட வேண்டும்.

இதையெல்லாம் செய்யாமல் மேலே ஒரு துண்டை மாட்டினால், வேலை செய்யாத ஸ்பிரிங்குக்கு இன்னொரு தடையைச் சேர்க்கிறாய்.

2 மார்ச்

துண்டு வந்து சேர்ந்தது, படமும் பார்த்தேன். நாக்கு ரொம்பக் கீழே இருக்கிறது.

அதை வைக்கும் முறை: ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது நாக்கு சற்று மேல்நோக்கித் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். முறுக்க முறுக்க அது உன் பக்கமாக இறங்கும். நீ வழக்கமாக ஓட்டும் வேகத்தில், உனக்கு எழுபது என்று வைத்துக்கொள்வோம், அது மணிக்கட்டு மடங்காமல் உள்ளங்கை சாயும் மட்டத்தில் வந்து நிற்க வேண்டும். மூடியிருக்கும்போதே சமமாக வைத்தால் ஓடும்போது மணிக்கட்டு தொங்கிப்போகும். நாம் எதைத் தவிர்க்க இதை வாங்கினோமோ அதுவே நடக்கும்.

ஆபத்து பற்றிக் கேட்டாய் அல்லவா. நேரான ரோட்டில் ஒன்றும் இல்லை. கையை எடுத்தால் நாக்கும் கூடவே எழும்பும், ஆக்சிலேட்டர் மூடிக்கொள்ளும். ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் பிடித்து நிறுத்தும் லாக் சமாச்சாரங்களைவிட இது எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணமே அதுதான். ஊர்ந்துகொண்டு போகும்போதுதான் பிரச்சினை. பிரேக்குக்காக விரலை முன்னால் நீட்டும்போது உள்ளங்கையின் அடிப்பகுதி இயல்பாகவே கீழே அமுங்கும். கீழே நாக்கு இருக்கிறது. பிரேக் பிடிக்கப் போன கை கூடவே ஆக்சிலேட்டரையும் கொடுக்கும்.

டோல்கேட்டில் டூவீலருக்கென்று இடது ஓரமாக ஒரு சந்து விட்டிருப்பார்களே, அதை நினைத்துப்பார். ஒரு ஆள் அகலம், நடுவில் வேகத்தடை, முன்னால் மூட்டை கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல். அந்த இடத்தில் வண்டி திமிறினால் முட்டுவதற்கு ஆள் தயாராக இருக்கிறார். அதனால் சந்து வருவதற்கு முன்பே நாக்கை முன்பக்கமாகச் சுழற்றி விட்டுவிடு, அல்லது கழற்றிப் பாக்கெட்டில் போடு. கூட்டமான பைபாஸ் சர்வீஸ் ரோடு, யூ டர்ன், பெட்ரோல் பங்க் எல்லாவற்றுக்கும் இதே விதி. நாக்கைச் சுழற்ற முடியாத அளவுக்கு இறுக்கமாக வந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடு.

3 மார்ச்

கொல்லிமலைக்கு இதை மாட்டிக்கொண்டு போகலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் கை ஓய்வெடுக்க நேரமிருந்தால் அது கொல்லிமலை இல்லை, வேறு எங்கேயோ போய்விட்டீர்கள்.

23 மார்ச்

திராட்டில் லாக் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று குறை. சொல்லாததற்குக் காரணம் உண்டு, ஆனால் கேட்டபிறகு மறைக்க என்ன இருக்கிறது.

கிராம்ப் பஸ்டரில் கை கிரிப்பிலேயே இருக்க வேண்டும். லாக் என்பது ஆக்சிலேட்டரை ஒரு நிலையில் உராய்வால் நிறுத்தி வைப்பது. கையை முழுக்க எடுத்துவிடலாம். ரகங்கள் பல. மிக மலிவானது ஓ-ரிங்: கிரிப்பின் வெளி முனைக்கும் பார் எண்ட் வெயிட்டுக்கும் இடையில் ஒரு ரப்பர் வளையத்தை உருட்டித் தள்ளுவது. பைப் சாமான் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும். கொஞ்சம் வசதியானது கோ குரூஸ் மாதிரி: கிரிப்பில் கவ்வி, ஒரு கை நீண்டு வந்து பிரேக் லீவர் மேல் சாய்ந்துகொள்ளும். பார் எண்ட் வெயிட்டுக்குப் பதிலாகத் திருகிப் பொருத்தும் காவோகோ ஒரு வகை. அட்லஸ் என்று இரண்டு பொத்தான் வைத்தது இன்னொன்று: ஒன்றை அழுத்தினால் பிடிக்கும், மற்றதை அழுத்தினால் விடும். பார்க்க அழகாக இருக்கும், விலையும் அதற்கேற்றபடி.

இதில் பிரேக் லீவர் மேல் சாயும் எதையும் நான் தொடமாட்டேன். பிரேக் லீவருக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்க வேண்டும். ஓ-ரிங்கின் பிடியும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மற்றவற்றில் பார்க்க வேண்டியது ஒன்று: லாக் போட்டிருக்கும்போதும் சாதாரணமாக முன்னால் முறுக்கினால் ஆக்சிலேட்டர் மூட வேண்டும். பொத்தானைத் தேடி அழுத்தினால்தான் மூடும் என்றால் அது நெடுஞ்சாலைக்கு ஆகாது.

எனக்கு லாக் பிடிக்காததற்குப் பொருள் காரணம் அல்ல, ரோடுதான் காரணம். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 22 மீட்டர். தொடையிலிருந்து கையைத் தூக்கி, கிரிப்பைப் பிடித்து, ஆக்சிலேட்டரை மூடி, லீவருக்குப் போக ஒரு நொடி கூடுதலாக ஆகும் என்று வைத்துக்கொள். 22 மீட்டர் வண்டி சும்மா போய்விடும். உளுந்தூர்பேட்டை தாண்டி ரோட்டின் நடுத்தடுப்பில் ஒரு இடைவெளி, அதில் பால் கேனோடு ஒருவர் எட்டிப்பார்க்கிறார், எதிர்த்திசையில் ஓரமாக ஒரு பைக் வருகிறது. 22 மீட்டர் நமக்குக் கட்டுப்படியாகுமா?

ஆஸ்திரேலியாவில் ஏர் நெடுஞ்சாலையில் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத நேர்கோடு ஒன்று இருக்கிறது. அந்த மாதிரி ரோட்டில் ஓட்டுபவனுக்கு லாக் வேண்டும்தான். அங்கே குறுக்கே வருவது கங்காரு, பால்காரர் இல்லை.

25 மார்ச்

“பழைய காலத்தில் எல்லா வண்டியிலும் லாக் இருந்தது, யாரும் சாகவில்லை” என்று ஒரு பெரியவர். இருந்தது உண்மை. பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் ஆக்சிலேட்டர் பிடிக்குக் கீழே ஒரு சின்னத் திருகு இருக்கும், இறுக்கினால் கிரிப் கனத்து நின்றுவிடும். என் பெரியப்பாவின் புல்லட்டிலும் அது இருந்தது. பழைய ஹார்லிகளில் ஆக்சிலேட்டர் தானாகத் திரும்பவே திரும்பாது, கை வைத்துத்தான் மூட வேண்டும். 1970களில் அமெரிக்கா, கையை விட்டால் தானே மூடிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டது. காரணமில்லாமலா போட்டார்கள்?

பெரியப்பா அந்தத் திருகை இறுக்கிவிட்டு இரண்டு கையாலும் வேட்டியைச் சரிசெய்துகொள்வார். அவர் காலத்து ரோட்டில் பேருந்தே அரை மணிக்கு ஒன்றுதான் வரும்.

11 மே

கத்திரி வெயில். இந்த மாதத்தில் கை சோர்வுக்கு முதல் காரணம் வியர்வை. கிரிப் வழுக்க ஆரம்பித்ததும் நமக்கே தெரியாமல் இறுக்கிப் பிடிக்கிறோம். இறுக்கிப் பிடிக்கும்போது விரல் மடக்கும் தசைகள் மட்டுமல்ல, மணிக்கட்டை நிலையாக வைக்க முன்னங்கையின் மேல்பக்கத் தசைகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. மாலையில் முன்னங்கையின் மேல்புறம் வலிப்பது அதனால்தான்.

கிளவுஸ் போடுவதை வெயிலுக்காக நிறுத்தாதீர்கள், வலைத்துணி வைத்ததை வாங்குங்கள். உள்ளங்கையில் தையல் மடிப்பு எங்கே வருகிறது என்று கடையிலேயே கையை மடக்கிப் பாருங்கள். தடித்த தையல் ஒன்று நரம்பின் மேல் உட்கார்ந்துவிட்டால் எந்தத் துண்டை மாட்டியும் பயனில்லை.

கிரிப் மேல் சைக்கிள் டியூப் வெட்டி மாட்டுவது நம்மூர் வைத்தியம். அதிர்வைக் கொஞ்சம் குடிக்கும், தடிமனும் கூடும். கை பெரியதாக இருப்பவர்களுக்கு நல்லது. சின்னக் கைக்கு நேர் எதிர்: தடித்த கிரிப்பைச் சுற்றி விரல் சேராது, இன்னும் இறுக்க வேண்டிவரும். இந்த இழையில் கேட்ட சகோதரி ஒருவர் ஸ்பாஞ்ச் கிரிப் மாட்டி வலி கூடிவிட்டது என்றார். அம்மா, அதைக் கழற்றிவிட்டுப் பழையதையே போடுங்கள். டியூப் மாட்டுபவர்கள் ஆக்சிலேட்டர் பக்கத்தில் டியூப் முனை ஸ்விட்ச் பெட்டியில் உரசவில்லை என்று பார்க்கவும். பிப்ரவரியில் எழுதிய ‘டக்’ சோதனை இங்கேயும் உண்டு.

அதிர்வு என்றதும் ஞாபகம் வருகிறது. கேள்வி கேட்ட தம்பியின் 2019 கிளாசிக்கில் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. 2021இல் வந்த புது இன்ஜினில்தான் அது வந்தது. அதனால் அவன் வண்டிக்கு மிக மலிவான கை வைத்தியம் வேகத்தைக் குறைப்பதுதான். எண்பதில் கிரிப் தேனீக்கூடு மாதிரி இரைந்தால் அறுபத்தைந்துக்கு வந்து பார். ஒவ்வொரு வண்டிக்கும் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் முகம் தெளிவாகத் தெரியும் ஒரு வேகம் இருக்கும். கைக்கும் அதுதான் நல்ல வேகம்.

6 ஜூலை

தம்பி ஊருக்குப் போகும் வழியைக் கவனித்து எழுதியிருக்கலாம். திருநெல்வேலி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று மலை இடைவெளி வழியாகப் பாய்ந்து பக்கவாட்டில் அடிக்கும். பேருந்து ஒன்றைக் கடக்கும்போது காற்று சட்டென்று மறையும், கடந்ததும் மறுபடி அறையும்.

அங்கே வலது கையின் வேலை ஆக்சிலேட்டர் மட்டும் இல்லை, ஹேண்டில் பாரைத் தள்ளித் தள்ளி வண்டியை நேராக வைப்பதும் அதுதான். காற்று வரும் பக்கத்துக் கிரிப்பை முன்னால் தள்ள வேண்டும். நாக்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தள்ளினால் ஒவ்வொரு தள்ளலுக்கும் வேகம் ஏறி இறங்கும். வள்ளியூரில் டீ குடிக்கும்போதே கழற்றிவிடு. லாக் என்றால் பேச்சே வேண்டாம்.

அந்த இடத்தில் எல்லோரும் கையை இறுக்குகிறோம், தப்பு அதுதான். தொடையால் டேங்கைக் கவ்வு, முழங்கையை வளைத்துத் தளர்த்து, வண்டி கொஞ்சம் ஆடட்டும். கல் மாதிரிப் பிடித்தால் உன் உடம்பில் அடிக்கும் காற்றும் கை வழியாக ஹேண்டில் பாருக்குப் போய்ச் சேரும்.

31 ஆகஸ்ட்

ஹீரோ கிளாமர் எக்ஸ் என்று ஒரு 125 சிசி வண்டி இந்த மாதம் வந்திருக்கிறது, அதில் குரூஸ் கன்ட்ரோல்! 2023இல் டிவிஎஸ் ஆர்டிஆர் 310இல் வந்தபோதே கை வலிக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். இந்த வருடம் கேடிஎம் 390 அட்வென்சரிலும் கொடுத்தார்கள். இப்போது அலுவலகம் போகிற வண்டிக்கே வந்துவிட்டது.

இதற்கும் நான் மார்ச்சில் திட்டிய லாக்குக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. லாக் பிடிப்பது கிரிப்பை. மேடு வந்தால் வேகம் குறையும், இறக்கத்தில் கூடும். குரூஸ் கன்ட்ரோல் பிடிப்பது வேகத்தை. கேபிள் இல்லை, மின் மோட்டார்தான் திராட்டிலைத் திறக்கிறது. பிரேக்கையோ கிளட்சையோ தொட்டால் தானே விட்டுவிடும். அதனால் ஆர்டிஆர் வைத்திருப்பவர்கள் மேலே உள்ள பால்காரர் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பின் பிரேக்கைக் காலால் தொட்டாலே ஆக்சிலேட்டர் மூடிவிடும், கை வந்து சேரும் அந்த நொடியும் முழுதாக வீணாகாது. ஆனாலும் முன் பிரேக் கையில்தான் இருக்கிறது. கையைக் கிரிப்பில் தளர்வாக வைத்து விரலை நீட்டி மடக்கிக்கொள்ளலாம், பாக்கெட்டில் விட வேண்டாம்.

என் ஹிமாலயன் 411க்கு இதெல்லாம் கிடையாது. எனக்கு நாக்குத்தான்.

14 செப்டம்பர்

தம்பியிடமிருந்து தகவல்: லீவர் சாய்த்து, கேபிள் மாற்றி, துண்டை உள் விளிம்புக்குக் கொண்டுவந்த பிறகு திருச்சி வரை விரல் மரக்கவில்லை. மதுரைக்கு அப்புறம் லேசாக. பரவாயில்லை, மதுரைக்கு அப்புறம் யாருக்குத்தான் லேசாக மரக்காது. மணிக்கு ஒருமுறை இறங்கி நட என்று சொல்லியிருக்கிறேன். கிரிப்பைப் பிடிக்கும் விதத்தையும் மாற்றிப் பார்க்கச் சொன்னேன்: நேராகப் பிடிக்காமல், ஸ்குரூ டிரைவர் பிடிப்பதுபோல் வெளிப்பக்கமிருந்து சற்றுச் சாய்வாக. முறுக்கும்போது மணிக்கட்டு மடங்காது, முன்னங்கை உருளும்.

15 செப்டம்பர்

ஸ்கூட்டருக்கு மாட்டலாமா என்று மூன்றாவது முறையாக வேறு வேறு பெயரில் ஒரே ஆள் கேட்கிறார். வேண்டாம். ஸ்கூட்டர் ஓடுவது பெரும்பாலும் தெருவில், நின்று நின்று. கிளட்ச் இல்லை, உள்ளங்கை தெரியாமல் அமுங்கினால் வண்டி உடனே பாயும், இடது கையால் கிளட்சைப் பிடித்து அதைத் தடுக்கவும் முடியாது. கை வலித்தால் கேபிளையும் லீவரையும் பாருங்கள். ஸ்கூட்டரில் பிரேக் லீவர் ரொம்பத் தள்ளி இருந்தால் மெக்கானிக்கிடம் கேட்டு ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை.